கோத்தகிரி பக்கம் ஒரு ரிசார்ட்ல உப்பு ரூம், ஸ்டீம் பாத்... பிசிடி இருக்கற பாப்பாவ கூட்டிட்டு போலாமா?

கோத்தகிரி அம்மா

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு தான் எழுதறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சிருங்க.

என் பொண்ணுக்கு 11 வயசு. பிசிடி, அதாவது பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா. தெரியாதவங்களுக்கு சொல்றேன், மூக்குலருந்து நுரையீரல் வரைக்கும் உள்பக்கம் கண்ணுக்கே தெரியாத மயிர் மாதிரி சிலியா இருக்கும், அது நொடிக்கு பத்து பதினஞ்சு தடவ அசைஞ்சு சளிய மேல தள்ளிட்டே இருக்கும், இவளுக்கு பொறவியிலயே அது சரியா அசையாது. வியாதி அவ்ளோ தான். ஆனா அந்த அவ்ளோ தானுக்குள்ள எல்லாம் வந்துருது, வருஷம் பூரா சளி இருமல், மூக்கடைப்பு, காதுக்குள்ள நீர். நிறைமாசத்துல நல்ல வெயிட்டோட பொறந்தவ, மறுநாளே மூச்சு வாங்குதுன்னு ஆக்ஸிஜன் வச்சாங்க, ஏன்னு அப்ப யாருக்கும் தெரியல. அப்புறம் ஆஸ்துமான்னாங்க, ஒரு இடத்துல டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை, 9 வயசுல தான் ஜீன் டெஸ்ட் பண்ணி பேரே தெரிஞ்சுது. (நானும் அவரும் சொந்தம், மாமா பையன். அதைப் பத்தி இங்க பேச வேண்டாம் ப்ளீஸ், வீட்ல கேட்டதே போதும்.)

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க அத்தை ஒருத்தங்க பாண்டிச்சேரில கட்டிக்குடுத்து அப்படியே பிரான்ஸ் போனவங்க. போன வாரம் போன்ல, அங்க மூச்சு கோளாறு இருக்கற பசங்கள டாக்டரே மலை ஊருக்கு அனுப்பி 18 நாள் வெந்நீர் ஊத்து தண்ணில வைத்தியம் பண்ண வைப்பாங்க, கவர்மெண்டே பாதிக்கு மேல காசு குடுக்கும், நீ மலையிலயே இருந்துக்கிட்டு சும்மா இருக்கியேன்னு ஒரே திட்டு. அதே நேரம் பாத்து இங்க ஒரு ரிசார்ட்ல இமயமலை உப்பு ரூம், மூலிகை ஸ்டீம், சூடான நீர்த் தொட்டி, எல்லாம் சேத்து 7 நாள் பேக்கேஜ் 28 ஆயிரம்னு நோட்டீஸ். ஆஸ்துமா, சைனஸ், நாள்பட்ட நெஞ்சு சளி எல்லாம் போகும்னு போட்டிருக்கு. பச்சை தேயிலை விலை இருக்கற இருப்புல 28 ஆயிரம் எங்களுக்கு சின்ன காசு இல்ல, ஆனாலும் மே லீவுல புள்ளைக்கு ஒரு தடவ பண்ணிப் பாத்தா என்னன்னு அவர் கேக்கறார். கோயம்புத்தூர்ல பாக்கற டாக்டருக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஜூன்ல தான்.

இந்த மாதிரி யாராவது போயிருக்கீங்களா? நல்லதா, இல்ல காசு தண்டமா, இல்ல கெடுதலா? உண்மைய சொல்லுங்க.

கட்டபெட்டு அங்கிள்

அம்மா, 28 ஆயிரம் எதுக்கு. நம்ம ஊர் தைலம் ரெண்டு சொட்டு, நொச்சி இலை ஒரு கைப்பிடி, சட்டில கொதிக்க வச்சு போர்வைய மூடி காலையில சாயந்திரம் ஆவி பிடிக்க சொல்லுங்க. வெள்ளைக்காரன் 1820கள்லயே கலெக்டர் சல்லிவன் காலத்துல காத்து மாத்தணும்னு ஊட்டிக்கு ஏறி வந்தான், சிப்பாய்ங்க உடம்பு தேத்தறதுக்குன்னே வந்து தங்குனாங்க. நாம அந்த காத்துலயே பொறந்து வளந்துட்டு ஸ்பாவுக்கு காசு குடுக்கறோம். இந்த காத்து தான் மருந்து.

கொடை வலப்பக்கம்

அங்கிள் கோவிச்சுக்காதீங்க, காத்து மருந்துன்னா எனக்கு இந்நேரம் குணமாகிருக்கணும், நான் கொடைக்கானல்ல பொறந்து 38 வருஷமா அதே காத்தை தான் குடிக்கிறேன்.

எனக்கும் பிசிடி தாங்க. கார்டாஜெனர் வகை, இதயம் வலது பக்கம், கல்லீரல் இடது பக்கம், எல்லாமே கண்ணாடில பாத்த மாதிரி. பிசிடி இருக்கறவங்கள்ல பாதி பேருக்கு கிட்ட இப்படி இருக்கும். 1933ல கார்டாஜெனர்ங்கற டாக்டர் எழுதுனதால அந்த பேரு, சிலியாக்குள்ள அதை அசைக்கிற டைனீன் கையே இல்லைன்னு 1976ல தான் கண்டுபிடிச்சாங்க. சின்ன வயசுல எக்ஸ்ரே எடுக்கறவர் ஃபிலிம திருப்பி மாட்டிட்டோம்னு நெனச்சு மறுபடி எடுத்த கதை எங்க வீட்ல இன்னிக்கும் ஓடுது. அக்கா, உங்க பொண்ணுக்கும் அப்படி இருந்தா ஒரு சீட்டுல எழுதி ஸ்கூல் பேக்ல போட்டு வைங்க, எங்கயாவது அவசரத்துல ஈசிஜி எடுத்தா குழப்பிருவாங்க, குடல்வால் வலி வந்தா கூட இடது பக்கம் தான் வரும்.

ஸ்பா பத்தி கேட்டீங்கல்ல. நாலு வருஷம் முன்னாடி ஒரு ஓட்டல்ல, பேரு வேண்டாம், கல்யாண நாள்னு போய் தங்குனோம். குமிழி வர சூடு தொட்டி இருக்குமே, அதுல சாயந்திரம் ஒரு மணி நேரம் சுகமா கெடந்தேன். நெஞ்சு இளகுன மாதிரி அப்படி ஒரு நிம்மதி, வீட்டுக்காரிட்ட இத வீட்லயே கட்டணும்டீன்னு சொன்னேன். பத்து நாள் கழிச்சு சளி பச்சையாகி காய்ச்சல், கல்ச்சர்ல (சளில என்ன கிருமின்னு பாக்கற டெஸ்ட்) சூடோமோனாஸ்னு ஒரு பிடிவாதக் கிருமி. அந்த தொட்டியில தான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது, அதுக்கு முன்னாடி எடுத்த கல்ச்சர் எதுலயும் அது இல்ல, அவ்ளோ தான் சொல்லுவேன். ஒரு மாசம் ஆன்டிபயாடிக்க நெபுலைசர்ல (மருந்த புகையாக்கற மெஷின்) இழுத்து, மாத்திரையும் சேத்து சாப்பிட்டு தான் போச்சு. நல்லவேளை போச்சு, போகாம உள்ளயே குடித்தனம் பண்ணிட்டா காலம் பூரா கூட வரும்.

கோவை பிசியோ

ஏனுங்க, நான் டாக்டர் இல்லீங்க, நெஞ்சு பிசியோதெரபி பண்றவ, பதினாலு வருஷமா. பிசிடி, சிஎஃப் (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பொறவியிலயே சளி கெட்டியாகற வியாதி), பிரான்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய் அகண்டு சளி தேங்கறது) பசங்கள பாத்துட்டு இருக்கேன். மருந்து விஷயம் உங்க டாக்டர்ட்ட தான் கேக்கோணும்.

மொதல்ல ஆவி. ஆவி பிடிச்சா சளி இளகுற மாதிரி தோணுமுங்க, மத்த புள்ளைங்களுக்கு அது பரவால்ல, இளகுனத சிலியா மேல தள்ளிரும். உங்க பாப்பாவுக்கு தள்ளறதுக்கு தான் ஆளில்லையே. இளகி அங்கயே கெடக்கும். அதனால எது பண்ணாலும் அதுக்கப்பறம் இருமி, ஊதி வெளிய எடுத்தா தான் பண்ணதுக்கு அர்த்தம். தைலம் காரமானது, சில பசங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிக்கும். சட்டி கவுந்து தொடை வெந்து வந்த குழந்தைங்கள நான் வார்டுல பாத்திருக்கேன், அதனால கட்டபெட்டு அங்கிளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அத வுட்டுருங்க.

அடுத்து உப்பு ரூம். உப்பு கெட்டதுங்கல, நாங்களே உப்பு தான் குடுக்கறோம், நெபுலைசர்ல 3% சலைன், அதாவது உப்புத்தண்ணி, கொஞ்சம் பெரிய பசங்களுக்கு 7%. அது சளிக்குள்ள தண்ணிய இழுத்து நீர்க்க வைக்கும். கணக்கு பாருங்க: 3% சலைன் 4 மில்லின்னா அதுல 120 மில்லிகிராம் உப்பு. வழியில வேஸ்ட் ஆனது போக பத்துல ஒரு பங்கு தான் நெஞ்சுக்குள்ள போச்சுன்னு வச்சாலும் 12 மில்லிகிராம். உப்பு ரூம்ல மெஷின் வச்சு உப்ப பொடியாக்கி காத்துல விடுவாங்க, ஒரு கன மீட்டர் காத்துக்கு சில மில்லிகிராம் தான் இருக்கும், முக்கால் மணி நேரம் சும்மா உக்காந்து மூச்சு விட்டா ஒரு ஆள் இழுக்கற காத்து அரை கன மீட்டர் கூட வராதுங்க. அப்ப எவ்ளோ போகும் நீங்களே போட்டு பாருங்க. அதுவும் அந்த மெஷின் இருந்தா தான். சில எடத்துல செவுத்துல ரோஸ் கலர் உப்புக்கல்லு பதிச்சு பின்னால லைட்டு போட்டு வச்சிருப்பாங்க, அது போட்டோ எடுக்க நல்லாருக்கும், கல்லு தானா பறந்து நெஞ்சுக்குள்ள போகாது. போலந்துல வியலிச்காங்கற உப்பு சுரங்கத்துல 1839லருந்து இந்த வைத்தியம் இருக்குது, இப்பவும் 135 மீட்டர் ஆழத்துல மூச்சு பயிற்சி எல்லாம் குடுக்கறாங்க, அதைய காட்டி தான் எல்லாரும் வியாபாரம் பண்றாங்க. ஆனா அங்க பிசியோ கூட நின்னு பயிற்சி குடுக்கறாங்களே, அந்த பாதிய நோட்டீஸ்ல போட மாட்டாங்க.

உப்பு ரூம விட எனக்கு பயம் ஸ்டீமும் தொட்டியும் தானுங்க. கொடை தம்பி சொன்னது அப்படியே. சூடோமோனாஸ் ஈரம் எங்க இருக்கோ அங்க இருக்கும், சூடு தண்ணில குளோரின் சீக்கிரம் தீந்துரும், குமிழி விடறப்ப தண்ணி பொடித்துளியா மேல வரும், அத புள்ள நேரா இழுக்கும். நிமோனியா கொண்டு வர லெஜியோனெல்லா கிருமி இருக்குது, டிபி இல்லாத ஆனா டிபி சொந்தக்கார மைக்கோபாக்டீரியா இருக்குது, சூடு தொட்டில அது வந்து நல்லா இருக்கற ஆளுக்கே நெஞ்சு புண்ணாகறதுக்கு தனியா ஒரு பேரே இருக்குதுங்க, ஹாட் டப் லங்னு. உங்க பாப்பாவுக்கு உள்ள போனத வெளிய தள்ள வழி கம்மி. பக்கத்துல இன்னொரு நெஞ்சு சளி ஆளு உக்காந்து இருமுனா அதுவும் இவளுக்கு தான் வரும், இந்த வியாதிக்காரங்கள நாங்க ஒரே வெயிட்டிங் ரூம்ல கூட உக்கார வைக்க மாட்டோம்.

இருமல் சிரப் எதும் குடுக்கறதில்லைல்ல? இருமல அடக்கற மருந்து வேண்டவே வேண்டாம். அவகிட்ட இருக்கற ஒரே தொடப்பம் அது தான்.

பாண்டி டு பாரிஸ்

கோத்தகிரி சிஸ்டர், உங்க அத்தை சொன்னது பொய் இல்ல, ஆனா பாதி தான் சொல்லிருக்காங்க. என் பையனுக்கு பிசிடி இல்ல, பிரான்கியெக்டாசிஸ், ரெண்டு வருஷம் லா பூர்பூல் போயிருக்கோம். நடு பிரான்ஸ்ல ஓவெர்ஞ் மலையில சின்ன ஊர், 850 மீட்டர் உயரம் இருக்கும், உங்க குன்னூர்ல பாதி கூட இல்ல. பக்கத்துல மோன் தோர், அது 1050. அந்த ஊர் தண்ணில ஆர்செனிக் இருக்கு, ஆமா நம்ம ஊர்ல பாஷாணம்னு சொல்றதே தான், ரொம்ப கொஞ்சமா, அது மூச்சுக்குழாய்க்கும் தோலுக்கும் நல்லதுன்னு நூறு வருஷத்துக்கு மேல நம்பிக்கினு வராங்க. கோத்ரே, லூஷோன், அல்வார்ங்கற மத்த ஊர்ங்க பக்கம் போனா கந்தக தண்ணி, கிட்ட போனாலே முட்டை நாத்தம்.

எப்படி நடக்கும்னா, டாக்டர் எழுதி குடுக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவ, 18 நாள் வைத்தியம், ஞாயித்துக்கிழமை லீவு, ஆக மூணு வாரம். வைத்திய செலவுல 65% சொசியால் (கவர்மெண்ட் காப்பீடு) குடுக்கும், தங்கற செலவு சம்பளம் கம்மியா இருந்தா தான் கொஞ்சம் குடுப்பான், மத்தபடி நம்ம பாக்கெட். காலைல எட்டு மணிக்கு வெள்ளை அங்கி மாட்டிக்கினு பசங்க வரிசையா உக்காந்து மூக்குல தண்ணி விட்டு கழுவுவாங்க, அப்புறம் தொண்டை கொப்புளிக்கிறது, அப்புறம் மாஸ்க் போட்டு அந்த தண்ணியவே புகையா இழுக்கறது, அப்புறம் பனி மாதிரி மூடுன ரூம்ல உக்கார்றது. காது அடைப்பு இருந்தா ஈஎன்டி டாக்டரே மூக்கு வழியா காதுக்குழாய்ல அந்த ஊத்துலருந்து வர காத்த அடிப்பார். காய்ச்சல் இருந்தா, சளி புதுசா பழுத்திருந்தா உள்ளயே விட மாட்டாங்க. தண்ணிய சூடோமோனாஸ், லெஜியோனெல்லா எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்றது அங்க சட்டம், கிருமி வந்துச்சுன்னா மூடிருவாங்க.

உபயோகம் ஆச்சான்னா... முதல் வருஷம் அந்த குளிர்காலம் நல்லா போச்சு. ரெண்டாவது வருஷம் பெருசா ஒண்ணும் தெரில. உண்மைய சொல்லணும்னா முதல் வருஷம் அங்க ஒரு கினே (பிசியோவ இங்க அப்படி தான் சொல்லுவோம்) தினம் காலைல பையனுக்கு சளி எடுக்க கத்துக்குடுத்தா, மூக்கு கழுவ அவனே கத்துக்கிட்டான், மூணு வாரம் ஸ்கூல் இல்ல, டிவி இல்ல, ஒரு நாள் கூட விடாம எல்லாம் நடந்துது. ரெண்டாவது வருஷம் தண்ணி மட்டும் தான், கினே இல்ல. நீங்களே யோசிங்க. இங்கயே நெஞ்சு டாக்டர்ங்க பாதி பேர் இத பழங்காலத்து வழக்கம்னு சிரிக்கறாங்க. பெரிய ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச வைத்தியம் இது இல்ல.

கோத்தகிரி அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு ராத்திரி தூக்கமே இல்ல. இத படிச்சு காட்டுனதும் அவர் சூடு தொட்டிய கேன்சல் பண்ணிட்டார், உப்பு ரூம் மட்டும் போலாமான்னு இப்ப பேரம் பேசறார் 😀

இன்னும் சில சந்தேகம். ஒண்ணு, நாங்க மலையில இருக்கறது நல்லதா கெட்டதா? எங்க மாமியார் கீழ மேட்டுப்பாளையம் இறங்கிருங்கறாங்க. ரெண்டு, கோவை பிசியோ மேடம், பாப்பாவுக்கும் இதயம் வலது பக்கம் தான். எங்களுக்கு சொல்லிக்குடுத்த படுக்க வச்சு தட்டற முறைல வலது பக்கம் நடுப்பகுதி அதிகமா தட்ட சொல்லி ஒரு படம் குடுத்தாங்க. அது சரியா? மூணு, நெபுலைசர் கப்ப கொதிக்கிற தண்ணில 5 நிமிஷம்னு போட்டிருக்கு, இங்க சோறே குக்கர் இல்லாம வேகாது, 5 நிமிஷம் போதுமா?

கோவை பிசியோ

ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல. நீங்க கேட்டது ரொம்ப நல்லதா போச்சுங்க. சாதாரணமா வலது நுரையீரலுக்கு மூணு மடல், இடதுக்கு ரெண்டு. பிசிடில பெரும்பாலும் கெட்டுப்போறது அந்த நடு மடல் தான். பாப்பாவுக்கு எல்லாமே மாறி இருக்கறதால அந்த நடு மடல் இடது பக்கம் இருக்குது! படத்த அப்படியே பாத்து வலது பக்கம் தட்டிட்டு இருந்தீங்கன்னா ஆளில்லாத வீட்டு கதவ தட்டற மாதிரி தான். சிடி ஸ்கேன் ரிப்போர்ட்ட எடுத்துட்டு உங்க பிசியோகிட்ட போங்க, எந்த மடல்ல வீக்கம் இருக்குதுன்னு பாத்து படுக்கற முறைய மாத்தி எழுதி தருவாங்க. நானா இருந்தா தட்டறத விட பாப்பாவையே ஊத வைப்பேன், 11 வயசுக்கு அது தான் பெட்டர்.

பபுள் பெப்னு ஒண்ணு இருக்குதுங்க. வாய் அகலமான ஒரு பாத்திரத்துல 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு தண்ணி, அதுல ஒரு சென்டிமீட்டர் உள்துவாரம் இருக்கற டியூப், டியூப் நுனி அடி வரைக்கும் போகோணும். மெதுவா மூச்ச இழுத்து டியூப்ல நிதானமா ஊதோணும், தண்ணி குமிழி விடோணும். பத்து தடவ ஊதி, அப்பறம் கண்ணாடில ஆவி படிய ஹா...ன்னு விடற மாதிரி வாய தொறந்து ரெண்டு மூணு வேகமான ஊதல், அப்பறம் இருமல், துப்பல். இத ஆறேழு சுத்து. மூடி போட்டு அடைக்கக் கூடாது, காத்து வெளிய போக வழி இருக்கோணும். தண்ணிய தினம் கொட்டி, பாத்திரத்த சோப்பு போட்டு கழுவி காய வச்சிருங்க, இல்லாட்டி நாம தேடி ஓடற கிருமி அதுலயே வந்து உக்காந்துக்கும். ஆனா நேர்ல ஒரு தடவ பிசியோ முன்னால பண்ணி காட்டாம ஆரம்பிக்காதீங்க, காதுல டியூப் வச்சிருக்கா, எப்பவாச்சும் நுரையீரல் ஓட்டையாகி காத்து கசிஞ்சிருக்கா இதெல்லாம் கேட்டுட்டு தான் குடுப்பாங்க.

3% சலைன் டாக்டர் எழுதி குடுத்திருந்தா சால்புடமால் பம்ப் (மூச்சுக்குழாய விரிக்கிறது) அடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு அது, அதுக்கப்பறம் இந்த ஊதல். வரிசை முக்கியம். மொத தடவ ஆஸ்பத்திரில வச்சு தான் குடுக்கோணும், சிலருக்கு மூச்சு இறுகும்.

கொடை வலப்பக்கம்

மலை நல்லதா கெட்டதான்னு நான் சொல்றேன்.

அக்கா, நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு. ஊட்டி 2,240 மீட்டர், எங்க கொடை 2,100 சொச்சம், கோத்தகிரி 1,800 கிட்ட. ஆக்ஸிஜன் சதவீதம் எங்கயும் 21 தான், ஆனா காத்தழுத்தம் கம்மி, ஊட்டி உயரத்துல கடல் மட்டத்துல கிடைக்கறதுல முக்கால் பங்கு தான் கிடைக்கும். விரல்ல மாட்டற மீட்டர்ல கீழ 98 காட்டுற ஆளுக்கு மேல 95, 96 காட்டும். நல்லா இருக்கறப்ப இது ஒண்ணுமில்ல, நெஞ்சு கெட்டுப்போய் கெடக்கறப்ப தான் அந்த ரெண்டு மூணு பாயிண்டு கடிக்கும். நல்லா இருக்கற நாள்ல பாப்பாவுக்கு எவ்ளோ காட்டுதுன்னு எழுதி வைங்க, இல்லன்னா காய்ச்சல் அன்னிக்கு 92ன்னா அது எவ்ளோ கம்மின்னு உங்களுக்கே தெரியாது.

தூசி, வண்டிப் புகை கீழ விட இங்க கம்மி, அது நிஜம். ஆனா வீட்டுக்குள்ள? மார்கழில அம்மாச்சி கரி அடுப்ப கட்டிலடியில வச்சு குளிர் காயும், ஜன்னல் எல்லாம் சாத்தி. செவுரு பூரா பூஞ்சை. ஊட்டி காத்து மருந்துன்னு பேசறவங்க யாரும் அந்த ரூமுக்குள்ள மூக்க வச்சதில்ல. நான் கொடைய விட்டு போகல, அடுப்ப தான் வீட்ட விட்டு அனுப்புனேன். ரெண்டு வருஷம் அம்மாச்சி எங்கிட்ட சரியா பேசல.

அப்புறம் ஆஸ்பத்திரி தூரம். எனக்கு வத்தலக்குண்டு இறங்கி தான் போகணும், உங்களுக்கு மேட்டுப்பாளையம். மழைக்காலத்துல ரோட்டுல மரம் விழுந்தா முடிஞ்சுது. அதனால டாக்டர்ட்ட கேட்டு, சளி நிறம் மாறுனா எந்த ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணும்னு எழுதி வாங்கி, மருந்த முன்கூட்டியே வாங்கி வச்சிக்கங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ சளி கல்ச்சர் குடுக்கறீங்கல்ல? அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் பத்தியும் கேளுங்க, 2020ல வந்த ஆராய்ச்சில 90 பேருக்கு பண்ணி பாத்து, வாரத்துக்கு மூணு நாள் ஆறு மாசம் சாப்பிட்டவங்களுக்கு நெஞ்சு கெட்டுப்போறது பாதியா குறைஞ்சுது. எனக்கு அதுல தான் ஓடுது, வயிறு கொஞ்சம் கலக்கும். தானா வாங்கி போட்றாதீங்க, அதுக்கு முன்னாடி சில டெஸ்ட் இருக்கு.

கொதிக்கிற தண்ணி கேள்வி சூப்பர் அக்கா. ஊட்டில தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், உங்களுக்கு 94. நான் 5 நிமிஷத்துக்கு பதிலா பத்து பன்னெண்டு நிமிஷம் விடறேன். இல்லன்னா பால் பாட்டில் ஸ்டெரிலைசர் வாங்குங்க, கரண்ட்ல ஓடறது. கப்போட சீட்டுல கொதிக்க வைக்கலாமான்னு பாத்துக்கங்க, நான் ஒண்ண உருக்கியே விட்டுட்டேன். கொதிச்சதும் துணில தொடைக்காம காத்துல காய விடுங்க.

முன்னாள் ஸ்பா பையன்

நான் வியாதி பத்தி ஒண்ணும் பேசல. மூணு வருஷம் ஒரு ரிசார்ட் ஸ்பாவுல வேல பாத்தேன், மலையில தான், பேரு கேக்காதீங்க. சீசன்ல தொட்டி தண்ணி வாரத்துக்கு ஒரு தடவ மாத்துவோம். மாத்தணும்னு இருந்தது அத விட அடிக்கடி. மலையில தண்ணி லாரி என்ன விலைன்னு ஊர்க்காரங்களுக்கு தெரியும், முதலாளிக்கு அது தான் கண்ணு. குளோரின் பாக்கற கிட் இருந்துச்சு, அதுல ஊத்தற மருந்து தீந்து எத்தன மாசமோ. ஸ்டீம் ரூம் மரப்பலகைக்கு அடியில கை விட்டா வழவழன்னு இருக்கும். அக்கா, போகணும்னா கூட முதல்ல தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. கேட்டதும் மூஞ்சி எப்படி போகுதுன்னு பாத்தாலே போதும்.

கட்டபெட்டு அங்கிள்

பிசியோ அம்மா சொன்னது சரி. எங்க அவ்வை கையில தைலம் தேச்சு தேச்சு வளந்த ஆளு நான், அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன். கோத்தகிரி அம்மா, ஒண்ணு மட்டும், டீ பாக்டரி பக்கம் வீடா இருந்தா டிரையருக்கு விறகு எரிக்கிற புகை எந்த பக்கம் அடிக்குதுன்னு பாத்து பாப்பா படுக்கற ரூம மாத்துங்க. இதுல யாரும் என்னைய திருத்த முடியாது.

கோத்தகிரி அம்மா

ஒரு மாசம் கழிச்சு வரேன், சாரி.

ரிசார்ட்டுக்கு போன் பண்ணி தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன். மேனேஜர பேச சொல்றேன்னாங்க, மேனேஜர் வாட்ஸ்அப்ல ஃபேஷியல் பேக்கேஜ் அனுப்புனார், 10% தள்ளுபடியோட. உப்பு ரூம்ல மெஷின் இருக்கான்னு கேட்டேன், மேடம் இது நேச்சுரல்னு சொன்னாங்க. அவரும் பக்கத்துல ஸ்பீக்கர்ல கேட்டுட்டு தான் இருந்தார், ஒண்ணும் பேசல, எந்திரிச்சு தோட்டத்துக்கு போயிட்டார்.

கோயம்புத்தூர் போய் பிசியோவ பாத்தோம். சிடில இடது நடு மடல் தான் வீங்கி இருக்கு. ரெண்டு வருஷமா நாங்க வலது பக்கம் தட்டிட்டு இருந்திருக்கோம், அங்கயே அழுதுட்டேன். பாப்பா தான், பரவால்லமா வலது பக்கத்துக்கு மசாஜ் பண்ண மாதிரி ஆச்சுன்னா.

அப்புறம் பாண்டி சிஸ்டர் சொன்னத வச்சு வீட்லயே 18 நாள் பண்ணோம். மே லீவுல, ஞாயித்துக்கிழமை லீவு விட்டு, அத்தை ஊர் கணக்கு மாதிரியே. காலைல மூக்கு கழுவறது (ஆறவச்ச கொதி தண்ணி, உப்பு), பம்ப், சலைன், பபுள், அப்புறம் தோட்டத்துல மேட்டுல ஏறி இறங்கி ஒரு நடை, நடையில தான் பாதி சளி வந்துச்சு. சாயந்திரம் மறுபடி. பபுளுக்கு பாட்டில் தேடுனது தான் பெரிய கூத்து, எங்க மாவட்டத்துல பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை, செக்போஸ்ட்லயே புடுங்கிருவாங்க, கடைசில அவர் பழைய ஹார்லிக்ஸ் ஜாடிய எடுத்து குடுத்தார். பத்து சென்டிமீட்டருக்கு நெயில் பாலிஷ்ல கோடு போட்டிருக்கா. 18 கட்டம் போட்டு செவுத்துல ஒட்டி ஒவ்வொண்ணா அடிச்சா, ரெண்டு நாள் சண்டை, அதுல ஒரு நாள் ஜாடிய ஒளிச்சு வச்சிட்டா, 16 நாள் தான் உருப்படியா நடந்துச்சு. ராத்திரி இருமல் கொறைஞ்சிருக்கு, மூணாவது வாரத்துலருந்து எழுப்பாம தூங்கறா. எதனாலன்னு நான் சொல்ல மாட்டேன், மே மாசம் குளிரும் கம்மி தான்.

ஜூன் அப்பாயின்ட்மென்ட்ல கல்ச்சர் குடுத்தோம். சூடோமோனாஸ் இல்ல, ஹீமோஃபிலஸ்னு வேற ஒரு கிருமி இருக்கு, 14 நாள் ஆன்டிபயாடிக் போட்டிருக்காங்க. அசித்ரோமைசின் கேட்டேன், அடுத்த கல்ச்சர் பாத்துட்டு பேசலாம்னார்.

அத்தைக்கு ஜாடி போட்டோ அனுப்புனேன். இதுக்கு யாரும் 65% குடுக்க மாட்டாங்களான்னு கேட்டாங்க.

ஜாடிக்குள்ள டியூப் ஒரு மாதிரி மஞ்சளா ஆகுது, கழுவிட்டு தான் இருக்கேன். மாத்தணுமா?

கோவை பிசியோ

மாத்திருங்க. மீன் தொட்டிக்கு போடற டியூப் வாங்காதீங்க, அது துவாரம் ரொம்ப சின்னது. சர்ஜிகல் கடையில உள்துவாரம் ஒரு சென்டிமீட்டர்னு சொல்லி கேளுங்க, ரெண்டு மீட்டரா வாங்கி துண்டு போட்டு வச்சுக்கோங்க. அந்த ஜாடி கண்ணாடியாங்க? கண்ணாடின்னா தரையில உக்காந்து ஊத சொல்லுங்க.